மூன்றா, நான்கா

மூன்றை அமுக்கியிருக்கக் கூடாது, நான்கைத்தான் அமுக்கியிருக்க வேண்டும், ஆனால் அன்றைக்கு அது மூன்றாகத்தானே தெரிந்தது, இன்றைக்கு நினைத்தாலும் மூன்றாகத்தான் தெரிகிறது, பிறகு எப்படி அது நான்காகும் என்று முப்பிடாதிக்கு விளங்கவில்லை. மத்தியானத் தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகிறது. கம்ப்யூட்டர் திரையில் படம் வந்துகொண்டிருக்கிறது, விரல் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருக்கிறது, மனசு மட்டும் போன வாரத்திலேயே நிற்கிறது. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடமாக இருந்த இடம் இது. கை கழுவும் தொட்டி வரிசை இன்னும் சுவரோரமாக அப்படியே இருக்கிறது, பந்தி விரித்த நீளத்துக்கு இப்போது மேசைகள், மேசைக்கு ஒரு பெண், முப்பது பெண்கள். புளியங்குடியில் எலுமிச்சம்பழம் தரம் பிரிக்கப் போகாமல் ஏசிக்குள் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள் என்று ஊருக்கெல்லாம் ஒரே பொறாமை, அந்த ஏசி ஓடிப் பத்து நாள் ஆகிறது என்பது ஊருக்குத் தெரியாது. வேலை படம் பார்ப்பது. சினிமாப் படம் இல்லை, பத்து விநாடிப் படம், சத்தம் கிடையாது. எங்கோ குளிர்தேசத்தில் தனியாகக் குடியிருக்கிற வயசாளிகள் வீட்டில், கூரை மூலையில் மாட்டிய கேமரா எடுத்தது. முகத்தை மட்டும் கலக்கிவிட்டிருப்பார்கள், மஞ்சளும் பழுப்புமாக ஒரு கட்டம் தலை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அந்த ஆள் நின்றால் ஒன்று, உட்கார்ந்திருந்தால் இரண்டு, படுத்து ஓய்வெடுத்தால் மூன்று, விழுந்து கிடந்தால் நான்கு, யாருமே இல்லையென்றால் பூஜ்யம். இதைப் பார்த்துப் பார்த்து மிஷின் படித்துக்கொள்ளும், பிறகு எந்த வீட்டிலாவது பெரியவர் யாராவது விழுந்தால் அதுவாகவே மணி அடித்து மகனையோ ஆம்புலன்ஸையோ கூப்பிடும். மிஷின் தானாகக் கற்றுக்கொண்டது என்று வெளியே சொல்லுவார்களாம். முப்பது பொம்பளைகள் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைத்தார்கள் என்று சொன்னால் அதற்கு மதிப்பு இருக்காதுல்லா என்பாள் பக்கத்து மேசை ஆரிபா.

காலையில்தான் அந்தச் சேதி வந்தது. டீம் லீடு எபனேசர் எல்லாரையும் எழுப்பி நிற்க வைத்து வாசித்தான். தரையில் படுத்திருப்பவர் யாராக இருந்தாலும் இனி நான்கு, மூன்று என்பது கட்டில், சோபா இரண்டுக்கும் மட்டும்தான், இதுவரை தரைக்கு மூன்று போட்ட பதினோராயிரம் படமும் தப்பு, திருத்திப் போடத் திரும்பி வருகிறது. ராஜகனி என்கிற பெண் மட்டும், "தரையில படுக்கது தப்பா சார்?" என்று கேட்டாள், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முப்பிடாதியும்தான் சிரித்தாள். தப்பு என்றால் ஒருத்தி செய்தது இல்லை, முப்பது பேரும் ஒன்றுபோலச் செய்த தப்பு. ஒரே படம் மூன்று பேருக்குப் போகும், மூன்று பேர் சொல்வதும் ஒத்துப் போனால் அதுதான் பதில், இரண்டு பேர் ஒத்துப் போனால் அந்த இரண்டு பேர் சொல்வது பதில், ஒத்துப் போகாதவளுக்கு மார்க் குறையும். ஊரோடு ஒத்து வாழ் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததற்குச் சம்பளம் கிடைக்கும் என்று யார் கண்டது! கொஞ்ச நாளில் படத்தில் இருப்பது என்ன என்று பார்ப்பதை விட்டு மற்ற இரண்டு பேரும் என்ன போடுவார்கள் என்று பார்க்கப் பழகிவிட்டார்கள். தரையில் ஒரு ஆள் படுத்திருந்தால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வெக்கைக்குத் தரை குளிர்ச்சி, ஆள் அசந்து தூங்குகிறார். யாரும் யாரோடும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. தரைப் படத்தில் தொண்ணூற்றெட்டு சதவீதம் ஒற்றுமை என்று ரெண்டு மாசத்துக்கு முந்தி கேக் வெட்டினார்கள், அன்னாசிப் பழம் வைத்த கேக், அவள் தன் துண்டை டிஷ்யூ பேப்பரில் பொதிந்து அப்பாவுக்குக் கொண்டுபோனாள். இப்போது அந்தக் கேக் நெஞ்சுக்குள் எங்கேயோ நிற்கிறது. நின்றுகொண்டிருக்கிற அம்மாள், ஒன்று. சோபாவில் கிழவனார், இரண்டு. திரை போட்ட ஜன்னல், ஆள் இல்லை, பூஜ்யம். பச்சைத் திரையா? இல்லை, இது நீலம்.

பச்சைத் திரை போட்ட அறை. அந்த அறையைத்தான் காலையிலிருந்து தேடுகிறாள். போன வாரம், புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, புதன்தான், அன்றைக்குத்தான் தண்ணீர் வரும் நாள், அந்த அறையில் ஒருத்தர் தரையில் படுத்திருந்தார். கட்டம் போட்ட சட்டை. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, வலது கையைத் தலைக்கு அடியில் கொடுத்து. அப்பா அப்படித்தான் படுப்பார். எலுமிச்சைக் கமிஷன் கடையில் முப்பத்தைந்து வருஷம் மூட்டை தூக்கிய உடம்பு, மத்தியானம் சாப்பிட்டதும் சிமெண்டுத் தரையில் சட்டையில்லாமல் சாய்வார், கை தானாகத் தலைக்கு அடியில் போகும். அதனாலேயே அந்தப் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு பிரியம் வந்தது. நல்லாத் தூங்குங்க ஐயா என்று மனசுக்குள் சொல்லிக்கூட மூன்றை அமுக்கினாள். அன்றைக்கே இன்னும் இரண்டு தரம் அவர் வந்தார், இடையில் வேறு நூறு படம் இருந்திருக்கும். மூன்று தரமும் அதே தூக்கம், மூன்று தரமும் மூன்று. கொடுத்துவைத்த மனுஷன் என்று ஆரிபாவிடம் சொன்னாள். கட்டிலுக்கு மேலே வட்டமாக ஒரு கடிகாரம், எண் எல்லாம் பெரிசு பெரிசாக, வயசானவர்களுக்கென்றே செய்தது போல. முதலில் பார்த்தபோது இரண்டு அடித்து ஐந்து நிமிஷம். அடுத்தது பத்தேகால். கடைசியில் பதினொன்றரையோ பதினொன்று நாற்பதோ. படங்களைச் சீட்டு மாதிரிக் கலைத்துப் போடுவார்கள், முன்னது பின்னது என்று இருக்காது, அதனால் அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்று காலை எபனேசர் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பத்தேகால், பதினொன்றரை, இரண்டு ஐந்து என்று அதுவாகவே வரிசையில் வந்து நின்றது. நாலு மணி நேரம். நாலு மணி நேரம் ஒரே பக்கமாகப் படுத்து யாராவது தூங்குவார்களா? ராத்திரியாக இருந்தால் தூங்கலாம். திரை மூடியிருந்தது, விளக்கு எரிந்தது, பகலா ராத்திரியா என்று எதை வைத்துச் சொல்வது? ராத்திரி என்றால் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறதே, எதற்குத் தரை? இடுப்பு வலியாக இருக்கும், இடுப்பு வலிக்குத் தரைதான் நல்லது என்று வைத்தியர் சொல்லியிருப்பார். அப்படியென்றால் செருப்பு? ஒரு காலில் செருப்பு இருந்தது, துணிச் செருப்பு, வீட்டுக்குள் போட்டுக்கொள்வது. இன்னொன்று கட்டிலுக்குக் கீழே தள்ளிக் கிடந்தது. அதையும் அவள் பார்த்தாள், பார்க்காமல் இல்லை. வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்கிற ஊரில் அந்தத் தரையிலேயே வந்து யார் படுப்பார்கள் என்று ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை. நம் தரையில் அவரைப் படுக்கவைத்துத்தான் பார்த்திருக்கிறாள். கண்ணால் கண்டதும் பொய் என்பார்களே, தீர விசாரிக்க வேண்டும் என்பார்களே, இருபது விநாடியில் எதைத் தீர விசாரிப்பது? இருபது விநாடிக்குள் அமுக்காவிட்டால் படம் போய்விடும்.

எழுந்து போய்க் கேட்டும் பார்த்துவிட்டாள், சாப்பாட்டுக்கு முன்னால். எபனேசருக்கு இருபத்தாறு வயசு. தெருவில் பார்த்தால் தம்பி என்பாள், கூடத்துக்குள் சார்.

"சார், இந்தப் படமெல்லாம் எப்பம் எடுத்தது?"

"அது நமக்கு எதுக்குக்கா? பழசுதான். எல்லாம் நடந்து முடிஞ்சது."

"அப்பம் மணி அடிக்க மிஷின் இன்னும் யார் வீட்டுலயும் வைக்கலியா?"

"இருபது வீட்டுல வச்சிப் பாக்காங்க. ரெண்டு மாசமாச்சி."

"அந்த வீட்டுப் படமும் நமக்கு வருதா?"

அவன் பேனா மூடியைக் கழற்றி மாட்டினான். "வரும். எங்க தப்பு விடுதுன்னு பாக்கணும்லா. எந்த வீடு, எந்த ஊருன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க. நானும் கேக்க முடியாது. ஏங்க்கா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்பம் போயி உக்காருங்க. உங்க ஸ்கோரு எழுபத்தொண்ணுக்கு வந்துட்டு. எழுபதுக்குக் கீழ போனா எங்கையில இல்ல, பாத்துக்கிடுங்க."

ஒண்ணுமில்லை என்று ஏன் சொன்னாள்? சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், சந்தேகம் என்று ஒரு சிவப்புக் கொடி போட்டு மேலே அனுப்பியிருப்பான், மேலே என்றால் சென்னை, சென்னைக்கு மேலே பெங்களூர், அதற்கு மேலே எந்தச் சாமியோ. இருபது வீட்டில் அந்த வீடும் ஒன்றா, இல்லையா, இதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. இல்லையென்றால் அவர் விழுந்தது எப்பவோ, மகள் வந்து தூக்கியிருப்பாள், முப்பிடாதி மூன்று போட்டால் என்ன முந்நூறு போட்டால் என்ன. உண்டு என்றால், அவர் பத்தேகாலுக்கு விழுந்தபோது மூலையில் இருந்து மிஷின் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பார்த்துவிட்டு, புளியங்குடி அக்காமார் சொல்லிக் கொடுத்தபடி, ஐயா தூங்குகிறார் என்று சும்மா இருந்திருக்கிறது. ரெண்டு மாசமாகப் படத்தின் மூலையில் மஞ்சளாக ஒரு எண் வருகிறது, அது மிஷின் தானாகச் சொல்லிப் பார்க்கும் பதில், சரியா என்று இவர்கள் பார்க்க வேண்டும். அந்தக் கட்டச் சட்டைக்காரர் படத்தில் மஞ்சளில் மூன்று இருந்தது. அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், பரவாயில்லையே, நாம் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டதே என்று. பிள்ளை ஒன்றும் கெட்ட பிள்ளை இல்லை, கேட்டதைக் கேட்டபடி ஒப்பிக்கிறது. ஆனால் மஞ்சள் எண் இப்போது எல்லாப் படத்திலும்தான் வருகிறது, அதை வைத்து அந்த வீடு உண்டு என்றோ இல்லை என்றோ எப்படிச் சொல்ல? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இதில் பழி எங்கே இருக்கிறது, பாவம் எங்கே இருக்கிறது? முப்பது பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? அவள் ஒருத்தி நான்கு போட்டிருந்தாலும் மற்ற இரண்டு பேரும் மூன்று போட்டிருப்பார்கள், பதில் மூன்றுதான், அவளுக்கு மார்க் குறைந்திருக்கும், அவ்வளவுதான். இது ஆறுதலா, இன்னும் மோசமா? ஒருதரம், ஒரே ஒருதரம் பச்சைத் திரை வந்து, அந்தத் திரைக்கு முன்னால் அந்த மனுஷன் எழுந்து நிற்க வேண்டும், முகம் கலங்கியிருந்தால் இருக்கட்டும், கட்டச் சட்டை போதும். ஒன்று என்று அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். சோபா, இரண்டு. சக்கர நாற்காலி, இரண்டு. தரையில் குழந்தையோடு விளையாடுகிற ஒரு அம்மாள், இது என்ன, நான்கா?

மூன்றரைக்கு டீ. போன் எல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும், டீ நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். முப்பிடாதி டீயை வாங்காமல் போனை எடுத்துக்கொண்டு கை கழுவும் தொட்டிப் பக்கம் போனாள். மணி போய்க்கொண்டே இருந்தது, அப்பா எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வீட்டில் அவளும் அப்பாவும்தான், அவள் மாப்பிள்ளை கோட்டயத்தில் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறான், மாசத்துக்கு ஒருதரம் வருவான். காலையில் அவள் போட்டுவிட்டு வந்த சோற்றை அப்பா ஒன்றரைக்குச் சாப்பிட்டிருப்பார், இரண்டுக்குச் சாய்ந்திருப்பார், இப்போது மூன்றரை. மூன்றாவது தடவை மணி போனபோது, அந்தச் சிமெண்டுத் தரையும், மடங்கிய முழங்காலும், தலைக்கு அடியில் கையும் அவள் கண்ணுக்கு மேலே இருந்து தெரிந்தது, கூரை மூலையில் இருந்து பார்ப்பது போல. தன் அப்பாவை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"என்னளா?" அப்பாவின் குரல், தூக்கம் கலையாமல்.

"ஏன்பா போனை எடுக்கல?"

"படுத்திருந்தேன். இப்பம் எடுத்துட்டேம்லா?"

"கட்டில்லயா, தரையிலயா?"

"இதென்ன கேள்வி? தரையிலதான். கட்டிலு கொதிக்கி."

"கட்டில்ல படுங்கப்பா இனிமே."

"ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அம்பது வருசமாத் தரையில படுக்கேன். தரையில படுத்தவன் விழ மாட்டான், அதைத் தெரிஞ்சுக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இல்லப்பா. ஒரு ஆளு தரையில கெடக்காருன்னு வையுங்க. தூங்குதாரா, விழுந்துட்டாரான்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"கூப்பிட்டுப் பாக்கணும்." அப்பா கொட்டாவி விட்டார். "கூப்பிட்டா எந்திரிப்பான். எந்திரிக்கலன்னா நாலு பேரைக் கூப்பிடணும். இதுக்கு எதுக்குட்டி ஆபீசு?"

டீ நேரம் முடிந்துவிட்டது. வந்து உட்கார்ந்தாள். கூப்பிட்டுப் பார்க்கணும். எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டார். இந்தப் படத்தில் சத்தமே கிடையாதே, யாரும் யாரையும் கூப்பிடுவதே இல்லையே. ரெண்டு வருஷமாகப் பார்க்கிறாள், இந்த வீடுகளில் ஒரு ஆள் இன்னொரு ஆளைத் தொட்டு எழுப்பி அவள் பார்த்த படம் பத்துக்கூட இருக்காது. கூப்பிட ஆள் இல்லாததால்தானே கேமரா, கூப்பிட ஆள் இருந்தால் இவளுக்கு ஏது வேலை? இதோ ஒரு பாட்டி, பூப்போட்ட கவுன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறாள், ஒரு தலையணையை எடுத்துப் போடுகிறாள், தலையைச் சாய்க்கிறாள், தானாகத்தான், வேண்டும் என்றுதான், அங்கேயும் வெயில் காலம் வருமோ என்னமோ. இது மூன்று. சத்தியமாக மூன்று. மூலையில் மஞ்சளில் நான்கு நிற்கிறது, காலைச் சேதி அதற்குள் மிஷினுக்குப் போய்விட்டது, என்ன வேகம்! விதிப்படி நான்கு. அவள் மூன்று போட்டால் ஸ்கோர் எழுபது. நான்கு போட்டால் இந்தப் பாட்டி ஒவ்வொரு நாளும் படுக்கும்போதெல்லாம் மணி அடிக்கும், ஆம்புலன்ஸ் வரும், நாலு நாள் வரும், ஐந்தாவது நாள் மணியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், ஆறாவது நாள் நிஜமாகவே விழுவாள். ஐயோ, எதைப் போட்டாலும் யாரோ ஒருத்தர் தரையில் கிடக்கிறார்களே. விரல் நான்கை அமுக்கிவிட்டது. பச்சை டிக். மூன்று பேருக்கும் ஒற்றுமை. ஸ்கோர் எழுபத்திரண்டு.

அடுத்த படம் பச்சைத் திரை.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அதே அறை, அதே கட்டில், அதே பெரிய எண் கடிகாரம். ஆள் இல்லை. தரை துடைத்து விட்டது போல வெறுமனே இருந்தது. கட்டிலில் விரிப்பு இல்லை, மெத்தை மட்டும். இருக்கட்டும், துவைக்கப் போட்டிருப்பார்கள். பக்கத்து அறையில் இருப்பார், டீ குடிப்பார், பாத்ரூமுக்குப் போயிருப்பார், வெளியே நடக்கப் போயிருப்பார். துணிச் செருப்பு இரண்டும் கட்டிலுக்குக் கீழே ஜோடியாக, நேராக வைத்திருந்தது. வெளியே போனால் வேறு செருப்புப் போட்டுத்தானே போவார், அந்த ஊரில் அதுதானே வழக்கம். யாரோ எடுத்து ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்கள். அல்லது இது முந்தின படம். ஆமாம், சீட்டைக் கலைத்துத்தானே போடுகிறார்கள், இது அவர் விழுவதற்கு முன்னால் எடுத்ததாக இருக்கும், எல்லாம் இனிமேல்தான் நடக்கப் போகிறது, இப்போது அவர் அடுத்த அறையில் உயிரோடு இருக்கிறார். கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நாற்பது. நொடி முள் ஓடவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று திரைச் சீலையைப் பார்த்தாள், அது ஓரத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. படம் ஓடுகிறது, கடிகாரம்தான் ஓடவில்லை. போன வாரம் மூன்று தரமும் அந்தச் சிவப்பு நொடி முள் ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள். செல் தீர்ந்திருக்கிறது. மாற்றிப் போட ஆள் இல்லை.

மூலையில் மஞ்சளில் பூஜ்யம். பத்து விநாடி முடிந்து படம் மறுபடி முதலில் இருந்து ஓடியது. இன்னும் எட்டு விநாடி இருக்கிறது, பூஜ்யத்தை அமுக்க வேண்டும், இதில் மூன்றா நான்கா என்ற குழப்பம்கூட இல்லை, பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். அவள் கை அமுக்கப் போகவில்லை. கூப்பிட்டுப் பார்க்கணும் என்று தோன்றியது, அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் தோன்றியது.

"ஐயா," என்றாள், திரையைப் பார்த்து. சத்தமாகவே வந்துவிட்டது.

ஆரிபா திரும்பிப் பார்த்தாள். "யாரட்டி கூப்பிடுத?"

"ஐயா," என்றாள் மறுபடியும்.

மேசைகளில் இரண்டு மூன்று தலை நிமிர்ந்தது. எபனேசர் எழுந்திருப்பது கண்ணோரத்தில் தெரிந்தது. திரைச் சீலை ஆடியது, முள் நாலு நாற்பதிலேயே இருந்தது, இருபது விநாடி முடிந்தது. அவள் விரல் எதன் மேலும் இல்லை, ஆனாலும் எண் போடும் கட்டத்தில் பச்சை விழுந்தது. பதில்: யாரும் இல்லை. மற்ற இரண்டு பேரும் போட்டுவிட்டார்கள், மூன்றுக்கு இரண்டு போதும்.